சிஎஸ்ஆர் போட்டோவைப் பார்த்து பங்கு வாங்கலாமா? பிஆர்எஸ்ஆர் ரிப்போர்ட்டை அரை மணி நேரத்தில் படிப்பது எப்படி?



ஜூலை, ஆகஸ்ட் மாதம் வந்தால் டீமேட் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் இமெயில் வந்து குவியும். கம்பெனியின் ஆண்டறிக்கை, ஒரு லிங்க். திறந்தால் 300, 400 பக்கம். ஆரம்பப் பக்கங்களில் என்ன இருக்கும்? புது பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கும் பள்ளிக் குழந்தைகள், மரக்கன்று நடும் ஊழியர்கள், தூர் வாரிய குளம். பார்த்ததும் "பரவாயில்லையே, நல்ல கம்பெனிதான்" என்று தோன்றும். லிங்கை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்த எண்ணத்தை நம்பி உங்கள் பணத்தைப் போடலாமா? இதைத்தான் இன்னைக்கு பார்க்கப் போறோம். வீடியோவில் எண்களை நிறுத்தி நிதானமாகப் பார்க்க முடியாது என்பதால், இந்த விஷயத்தைப் பதிவாகவே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் சுருக்கமா சொல்லிடறேன். சிஎஸ்ஆர் பக்கம், கம்பெனி தன் லாபத்தில் 2 சதவீதத்தை எப்படி செலவு செய்தது என்று சொல்லும். பிஆர்எஸ்ஆர் பக்கம், அந்த லாபத்தை எப்படி சம்பாதித்தது என்று சொல்லும். முதலீட்டாளர் நேரம் செலவழிக்க வேண்டியது இரண்டாவது பக்கத்தில்.

சிஎஸ்ஆர்: தர்மமா, சட்டமா?

நிறைய பேர் சிஎஸ்ஆர் என்றால் கம்பெனி மனசு வந்து செய்யும் தர்மம் என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் அது சட்டம். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கு.

முந்தைய நிதியாண்டில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே அந்த கம்பெனி சிஎஸ்ஆர் வளையத்துக்குள் வந்துவிடும்:

- நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்
- டர்ன்ஓவர் 1,000 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்
- நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்

வந்துவிட்டால், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தை கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், கிராம மேம்பாடு போன்ற சட்டம் பட்டியலிட்ட காரியங்களுக்குச் செலவு செய்யணும். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது கணக்கில் சேராது. அரசியல் கட்சிக்குக் கொடுப்பது சேராது. விளம்பரத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பும் சேராது.

செலவு செய்யாவிட்டால்? 2021-க்கு முன்பு "ஏன் செய்யவில்லை" என்று காரணம் எழுதினால் போதும் என்ற நிலை இருந்தது. 2021 ஜனவரியில் விதி இறுகியது. நடந்துகொண்டிருக்கும் திட்டத்தின் மிச்சப் பணம் தனி வங்கிக் கணக்குக்குப் போய், மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவாகணும். மற்ற மிச்சம் ஆறு மாதத்துக்குள் சட்டம் சொல்லும் அரசு நிதிக்குப் போகணும். மீறினால், மாற்ற வேண்டிய தொகையின் இரண்டு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இதில் எது குறைவோ அது அபராதம்.

ஆக, ஒரு கம்பெனி 2% செலவு செய்தது என்பது, நீங்கள் வருமான வரி கட்டியதைப் போலத்தான். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வரி கட்டினார் என்பதற்காக ஒருவரை நம்பி 10 லட்சம் கடன் கொடுப்போமா?

சிஎஸ்ஆர் பக்கத்தில் பார்க்க வேண்டியது

ஆண்டறிக்கையில் இயக்குநர்கள் குழு அறிக்கையின் இணைப்பாக சிஎஸ்ஆர் அறிக்கை இருக்கும். போட்டோ இருக்காது, வெறும் அட்டவணைதான். ஐந்து நிமிடம் போதும்.

- செலவு செய்ய வேண்டிய தொகை எவ்வளவு, செய்தது எவ்வளவு?
- மிச்சம் வருடா வருடம் வளருதா? அப்படி என்றால் திட்டம் பேப்பரில் மட்டும் ஓடுது என்று சந்தேகப்படலாம்.
- நிர்வாகச் செலவு எவ்வளவு? மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
- சிஎஸ்ஆர் பணத்தில் கட்டடம், வண்டி வாங்கினால் அது யார் பெயரில் இருக்கு? கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது.
- பெரிய கம்பெனியா? சராசரி சிஎஸ்ஆர் கடமை 10 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள், 1 கோடி ரூபாய்க்கு மேல் செலவான திட்டங்களுக்கு வெளியாளை வைத்துப் பயன் மதிப்பீடு செய்யணும். அந்த மதிப்பீட்டின் சுருக்கத்தைப் படிங்க.

108 ஆம்புலன்ஸும் சத்யம் கம்பெனியும்

"நல்ல காரியம் செய்பவர் கணக்கில் தப்பு செய்வாரா?" என்று சிலர் கேட்பீங்க. இந்தக் கேள்விக்கு ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதையை விட நல்ல பதில் கிடையாது.

108 ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் தெரியும். 2005-ல் ஹைதராபாத்தில் அதைத் தொடங்கியது சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜுவும் அவர் குடும்பமும் உருவாக்கிய அமைப்பு. 2008-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அந்தச் சேவை உண்மையானது. இன்றைக்கும் உயிர்களைக் காப்பாற்றுது. அதே 2008-ல் சத்யம் கம்பெனிக்கு நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் கிடைத்தது.

2009 ஜனவரி 7. ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். பல ஆண்டுகளாக கணக்கில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியதாக ஒப்புக்கொண்டார். 7,000 கோடி ரூபாய்க்கு மேல். அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கும் மேல் விழுந்தது. கொடுத்த விருதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆம்புலன்ஸ் நிஜம், கணக்கு பொய். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்களிடம் இருந்தது. அதனால்தான் சொல்றேன், செலவு செய்த விதத்தை வைத்து சம்பாதித்த விதத்தை முடிவு பண்ணாதீங்க.

பிஆர்எஸ்ஆர் என்றால் என்ன?

பிசினஸ் ரெஸ்பான்சிபிலிட்டி அண்ட் சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட். பெயர்தான் நீளம். தொழிலாளர், சப்ளையர், வாடிக்கையாளர், தண்ணீர், காற்று, சுற்றியிருக்கும் ஊர் என எல்லோரிடமும் கம்பெனி எப்படி நடந்துகொள்கிறது என்று செபி கேட்கும் கேள்வித்தாள் இது.

2012-ல் முதல் 100 கம்பெனிகளுக்கு ஒரு எளிய வடிவத்தில் இது ஆரம்பித்தது. அப்போது "எங்களிடம் கொள்கை இருக்கு" என்று டிக் அடித்தாலே பெரும்பாலும் போதும். 2021 மே மாதம் செபி இப்போதைய வடிவத்தைக் கொண்டு வந்தது. 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு இது கட்டாயம்.

மூன்று பகுதி இருக்கு:

- பகுதி ஏ: கம்பெனியின் ஜாதகம். எத்தனை ஆலை, எத்தனை பணியாளர், எத்தனை புகார்.
- பகுதி பி: கொள்கையும் இலக்குகளும். என்ன சொன்னார்கள், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு முடிந்தது.
- பகுதி சி: ஒன்பது கோட்பாடுகள். ஒவ்வொன்றுக்கும் எண்களோடு பதில். இதுதான் சரக்கு இருக்கும் இடம்.

பகுதி சி-யில் கேள்விகள் இரண்டு வகை. ஒன்று கட்டாயம், இன்னொன்று விருப்பம். விருப்பக் கேள்விகளை ஒரு கம்பெனி மொத்தமாகத் தவிர்த்தால் அது சட்ட மீறல் கிடையாது. ஆனால் அதே துறையில் போட்டியாளர் பதில் சொல்லியிருந்தால், இவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம்.

எங்கே கிடைக்கும்? என்எஸ்இ அல்லது பிஎஸ்இ இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் அறிவிப்புகள் பகுதியில் கிடைக்கும். ஆண்டறிக்கை பிடிஎஃப்-லயும் இருக்கும்.

நேராக இந்த ஏழு இடத்துக்குப் போங்க

1. நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை? பகுதி ஏ-யில் இருக்கு. 10,000 தொழிலாளர்களில் 8,000 பேர் காண்ட்ராக்ட் என்றால், கம்பெனி எவ்வளவு சுலபமாக ஆட்களை நிறுத்த முடியுமோ, அவ்வளவு சுலபமாக ஒரு வேலைநிறுத்தமோ புதிய தொழிலாளர் சட்டமோ அதன் செலவை ஏற்றிவிடலாம்.

2. வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை சதவீதம்? இதுவும் பகுதி ஏ-தான். மூன்று ஆண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வங்கி, ஐடி பங்கு வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்க. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பயிற்சிச் செலவும் தப்பும் சேர்ந்தே ஏறும்.

3. விபத்தும் உயிரிழப்பும். கோட்பாடு 3. பத்து லட்சம் மனித வேலை நேரத்துக்கு, வேலைக்கு வர முடியாத அளவு காயம் எத்தனை முறை என்று ஒரு விகிதம் இருக்கும். அதற்குக் கீழே இறப்பு எண்ணிக்கை. அடிக்குறிப்பையும் படிங்க: காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் சேர்த்தா என்று பாருங்க. அபாயமான வேலை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கு. இங்கே ஒரு "1" என்பது ஒரு குடும்பம். அதை மறந்துட்டு எந்த விகிதத்தையும் படிக்கக் கூடாது.

4. பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளம். எத்தனை சதவீதம் பேருக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள், பிடித்த பணத்தைக் கட்டிவிட்டார்களா என்ற பதில் கோட்பாடு 3-ல் இருக்கும். கோட்பாடு 5-ல் ஆண், பெண் நடுநிலை சம்பளம் தனித்தனியா இருக்கும். பாலியல் தொல்லை புகார்களின் எண்ணிக்கையும் அங்கேதான். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பல ஆண்டுகளாக புகார் பூஜ்யம் என்றால் உடனே சந்தோஷப்படாதீங்க. புகார் சொல்ல வழி இல்லாத இடத்திலும் பூஜ்யம்தான் வரும்.

5. தண்ணீர், மின்சாரம், கார்பன். கோட்பாடு 6. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறை இருக்கா என்று ஒரு கேள்வி வரும். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நிலமும் கிணறும் கெட்டுப்போன விவசாயிகள் பல ஆண்டு போராடியதன் முடிவு அது. பட்டறை நின்றதும் பனியன் கம்பெனிகளின் ஆர்டரும் சிக்கலில் மாட்டியது. சுத்திகரிப்பு என்பது நல்ல பெயருக்கான செலவு கிடையாது, தொழில் ஓடுவதற்கான செலவு.

6. அபராதமும் நோட்டீஸும். கோட்பாடு 1-லும் 6-லும் இருக்கும். தொகை சின்னதா இருந்தாலும் ஒரே ஆலைக்கு ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப வருதா என்று பாருங்க. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்டது. 2018 மே மாதம் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். சில நாளில் ஆலையை நிரந்தரமாக மூட அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் வேதாந்தாவின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. ஊர் மக்களின் நம்பிக்கை போனால் ஆலை என்ற சொத்து கணக்கில் மட்டும்தான் மிஞ்சும்.

7. சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம்? கோட்பாடு 1. சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரணும் என்பது சட்டம். ஒரு கம்பெனியின் நாள் கணக்கு 60, 85, 110 என்று ஏறிக்கொண்டே போனால் இரண்டில் ஒன்று: கையில் காசு இல்லை, அல்லது சின்ன சப்ளையர் தலையில் தன் கடனை ஏற்றுகிறது. முதலாவது என்றால் உங்களுக்கு நேரடி ஆபத்து. லாப நஷ்டக் கணக்கில் தெரிவதற்கு முன்பே இங்கே வாசனை வரும்.

எண்களை அழகாகக் காட்டும் வித்தைகள்

பொய் சொல்லாமலே நல்ல படம் காட்ட முடியும். நான்கு விஷயத்தில் கவனமா இருங்க.

ஒன்று, டர்ன்ஓவரால் வகுப்பது. ஒரு கற்பனைக் கணக்கு. போன வருடம் டர்ன்ஓவர் 1,000 கோடி, கார்பன் வெளியீடு 1,00,000 டன். ஒரு கோடிக்கு 100 டன். இந்த வருடம் டர்ன்ஓவர் 1,300 கோடி, வெளியீடு 1,15,000 டன். ஒரு கோடிக்கு சுமார் 88 டன். "கார்பன் தீவிரம் 11% குறைந்தது" என்று பெரிய எழுத்தில் போடலாம், தப்பே இல்லை. ஆனால் காற்றில் கலந்தது 15% கூடியிருக்கு! பொருளின் விலையை மட்டும் ஏற்றினாலும் இந்த விகிதம் தானாகக் குறையும். அதனால் மொத்த அளவையும் பாருங்க, ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு என்ற எண் கொடுத்திருந்தால் அதையும் பாருங்க.

இரண்டு, எல்லைக் கோடு. ரிப்போர்ட் தாய் கம்பெனிக்கு மட்டுமா, துணை நிறுவனங்களும் சேர்த்தா என்று பகுதி ஏ-யில் ஒரு வரி இருக்கும். புகை கக்கும் ஆலை துணை நிறுவனத்தில் இருந்து, ரிப்போர்ட் தாய் கம்பெனிக்கு மட்டும் என்றால், நீங்கள் பார்ப்பது வீட்டின் வரவேற்பறையை மட்டும்தான்.

மூன்று, தூரத்து இலக்கு. "2050-க்குள் நெட் ஜீரோ" என்று சொல்வது சுலபம். சொன்னவர் அன்றைக்கு அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். 2027-க்குள் என்ன, 2030-க்குள் என்ன, இதுவரை எவ்வளவு முடிந்தது என்று பகுதி பி-யில் தேடுங்க.

நான்கு, எண்ணிக்கையைக் காட்டி பலனை மறைப்பது. லட்சம் மரக்கன்று நட்டோம் என்பார்கள். மூன்று வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கு என்பதுதான் கேள்வி.

இதை யார் சரிபார்க்கிறார்கள்?

நியாயமான கேள்வி. கம்பெனி தானே எழுதிக்கொள்ளும் ரிப்போர்ட்தானே? அதனால்தான் 2023 ஜூலையில் செபி "பிஆர்எஸ்ஆர் கோர்" என்று முக்கியமான ஒன்பது விஷயங்களைப் பிரித்து, வெளியாள் சான்று கட்டாயம் என்றது. 2023-24-ல் முதல் 150 கம்பெனிகள், அடுத்த ஆண்டு 250, பிறகு 500, 2026-27-ல் 1,000 என்று படிப்படியாக. 2025-ல் கொஞ்சம் தளர்த்தி, சான்றுக்குப் பதிலாக மதிப்பீடும் செய்துகொள்ளலாம் என்று கம்பெனிகளுக்கு விருப்பம் கொடுத்தார்கள். எனவே உங்கள் கம்பெனி எதைத் தேர்ந்தெடுத்தது, செய்தது யார் என்று பார்ப்பது இப்போது முக்கியம். சான்று இருந்தாலும் அது அந்தக் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும்தான், முழு ரிப்போர்ட்டுக்கும் கிடையாது.

நான் மியூச்சுவல் ஃபண்ட் மட்டும்தான் வாங்குறேன். எனக்கு இது தேவையா?

இஎஸ்ஜி ஃபண்ட் வைத்திருந்தால் கண்டிப்பா. அந்த ஃபண்டுகள் குறைந்தது 65% பணத்தை, பிஆர்எஸ்ஆர் கோர் சான்று பெற்ற கம்பெனிகளில்தான் போடணும் என்பது செபி விதி. ஆனாலும் பெயரை மட்டும் நம்பாதீங்க. 2023 செப்டம்பரில், டாய்ச்சு வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த டிடபிள்யூஎஸ், இஎஸ்ஜி விஷயத்தில் முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்திய புகாரில் அமெரிக்க எஸ்இசி-க்கு 1.9 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. மாதாந்திர பட்டியலை எடுத்து, உங்கள் ஃபண்டின் முதல் பத்து பங்குகளைப் பாருங்க. சாதாரண லார்ஜ்கேப் ஃபண்டின் பட்டியல் மாதிரியே இருந்தால், எதற்காக தனி பெயர் என்று கேளுங்க.

அரை மணி நேரத் திட்டம்

- 5 நிமிடம்: சிஎஸ்ஆர் இணைப்பு. கடமை, செலவு, மிச்சம்.
- 15 நிமிடம்: மேலே சொன்ன ஏழு இடம். இந்த ஆண்டு, போன ஆண்டு எண்களை ஒரு நோட்டில் எழுதுங்க.
- 5 நிமிடம்: அதே துறையில் ஒரு போட்டி கம்பெனியின் அதே ஏழு எண்கள்.
- 5 நிமிடம்: எது மோசமா இருக்கோ, அதற்குக் கம்பெனி காரணம் சொல்லியிருக்கா என்று பாருங்க.

கெட்ட எண் இருப்பதால் மட்டும் பங்கை விற்க வேண்டியதில்லை. ஒரு விபத்தைச் சொல்லி, காரணத்தை எழுதி, என்ன மாற்றினோம் என்று விளக்கும் கம்பெனியை நான் மதிப்பேன். எல்லா கட்டத்திலும் "பொருந்தாது", "இல்லை" என்று நிரப்பிய ரிப்போர்ட்தான் பயமுறுத்தும்.

ஒரு வரம்பும் இருக்கு. முதல் 1,000-க்கு வெளியே உள்ள சின்ன கம்பெனிகளுக்கு இது கட்டாயம் இல்லை. ஸ்மால்கேப், மைக்ரோகேப் பங்கு வாங்குபவர்களுக்கு இந்த ஜன்னல் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். அங்கே ஆண்டுக் கூட்டத்தில் நீங்களே கேள்வி கேட்கணும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இப்போது பல கூட்டங்கள் ஆன்லைனிலேயே நடக்குது, முன்கூட்டியே பேசப் பதிவு செய்துகொண்டால் வீட்டிலிருந்தே கேட்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் போர்ட்ஃபோலியோவில் அதிகப் பணம் போட்டிருக்கும் ஒரே ஒரு கம்பெனியை எடுங்க. ஏழு எண்களை எழுதுங்க. எந்த எண் உங்களை ஆச்சரியப்படுத்தியது என்று கமெண்டில் சொல்லுங்க. அதிகம் பேர் கேட்கும் துறையை எடுத்து, அடுத்த வீடியோவில் இரண்டு கம்பெனிகளின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

குறிப்பு: இது கல்விக்கான பதிவு மட்டுமே. இதில் வரும் எந்தப் பெயரும் வாங்கவோ விற்கவோ பரிந்துரை கிடையாது. முதலீட்டு முடிவுக்கு முன் செபி பதிவு பெற்ற ஆலோசகரிடம் கேளுங்க.